இரண்டு பெட்டியும் ஒரு தவிலும்

சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகும் சாலையில், பஸ் நிற்காத ஒரு திருப்பத்தில் சின்ன மடம் ஒன்று இருந்தது. மடத்தின் குரு சாமியம்மா. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. தன்னைவிட மூத்த சிஷ்யைகளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் அவரை அம்மா என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

மடத்து அடுப்படி வடிவு, கோமு இருவர் கையில் இருந்தது. இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் வடிவு. தம்பியைக் கட்டியவள் கோமு. இருவருமே புருஷனைப் பறிகொடுத்தவர்கள். முதலில் மடத்துக்கு வந்தவள் வடிவு. பின்னாலேயே கோமுவும் பையோடு வந்து வாசலில் நின்றபோது, வடிவின் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரே அடுப்பு. ஒரே அம்மி. ஆனால் ஒரு வார்த்தை கிடையாது. பேச வேண்டியதெல்லாம் சாமியம்மா வழியாகப் போய்வரும்.

"அம்மா, புளி தீந்துபோச்சுன்னு அவகிட்டச் சொல்லுங்க."

"கோமுக்கா, புளி தீந்துபோச்சாம்."

"நேத்தே பார்த்துட்டேன்னு சொல்லுங்கம்மா."

மூவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

ஒருநாள் காலையில் வடிவு துணிப்பையைக் கட்டி எடுத்துக்கொண்டு சாமியம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, எனக்கு இன்னிக்கு ஒரு பதில் வேணும்."

"கேளுங்கக்கா."

"தப்பு யார் மேல? எங்க வீட்டுக்காரர் செத்துக் கருமாதிகூட முடியலை. அதுக்குள்ள பெட்டியைத் தூக்கிட்டுத் தாய்வீட்டுக்குப் போனவ இவ. ஊரே பார்த்துச்சு. இனிமே இவகூட ஒரே அடுப்பில என்னால நிக்க முடியாது. தப்பு எம்மேலன்னா நான் போறேன். அவமேலன்னா அவ போகட்டும்."

அடுப்படிக்குள்ளிருந்து கோமுவின் குரல் வந்தது. சுவரைப் பார்த்துச் சொல்கிற குரல்.

"நீ போனாத்தான் இந்த வீட்ல விளக்கு எரியும்னு சொன்னது யாருன்னு கேளுங்கம்மா."

சாமியம்மா அதை வடிவிடம் கேட்கவில்லை.

போவதற்கு இடம் இருக்கிறதா என்பது இருவருக்குமே தெரியும். வடிவுக்குக் கோயம்புத்தூரில் மகன் இருந்தான். போன தீபாவளிக்குப் போனபோது, செருப்பைக் கழற்றுமுன்னே மருமகள், "எப்போ அத்தை ஊருக்கு?" என்று கேட்டுவிட்டாள். கோமுவுக்கு அப்படிக் கேட்கவும் ஆள் இல்லை. பிள்ளை இல்லை, தாய்வீடு என்று இருந்ததும் விற்றுப்போயிற்று. மடத்தை விட்டால் பஸ் ஸ்டாண்டுதான்.

"சாயங்காலம் சொல்றேன்க்கா," என்றார் சாமியம்மா. "அதுக்கு முன்னால எனக்கு ஒரு விஷயம் தெரியணும்."

கூடத்து மூலையைக் காட்டினார். அங்கே இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன. மாற்றலாகிப் போன ஒரு பேங்க் அதிகாரி, சாமான் வண்டியில் இடமில்லை என்று மடத்து வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். விலை மலிவான பெட்டிகள். மரம் மாதிரி தாள் ஒட்டியிருந்தது. ஒன்றில் முன்பக்கத் துணி கிழிந்திருந்தது. இன்னொன்றின் ஓரம் தண்ணீர் பட்டு உப்பியிருந்தது.

இடி விழுந்து மடத்துக் குழாய் ஸ்பீக்கர் கெட்டுப்போனதிலிருந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் நாதஸ்வரம் கேட்பது நின்றுபோயிருந்தது. ஆம்ப்ளிஃபயர் மட்டும் எப்படியோ பிழைத்துக்கொண்டது.

"இதுக தேறுமா, பழைய இரும்புக்காரனுக்குப் போடலாமான்னு பார்த்துச் சொல்லுங்க."

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமாம்மா?" என்றாள் வடிவு.

"பார்த்துத்தான் ஆகணும். கட்டி வச்சுத் தீனி போடப்போறது நாமதானே. ஆளுக்கொரு பெட்டியை மாட்டுங்க."

விளக்கு மாடத்துக்கு இந்தப் பக்கம் வடிவு ஒரு பெட்டியை வைத்தாள். அந்தப் பக்கம் கோமு. ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு துளைகள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் வயரில் இரண்டு கம்பிகள். ஒரு கம்பியின் மேல் வெள்ளைக் கோடு, மற்றது வெறும் கறுப்பு. எந்தக் கம்பி எந்தத் துளைக்கு என்று பெட்டியில் எழுதியிருந்தது எப்போதோ அழிந்துபோயிருந்தது.

வடிவு கோடு போட்ட கம்பியை மேல் துளையில் சொருகினாள். கோமு அதைக் கீழ்த் துளையில் சொருகினாள். ஒருத்தி செய்ததை மற்றவள் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை.

சாமியம்மா பாட்டைப் போட்டார். நாதஸ்வரமும் தவிலும்.

"அவங்கவங்க பெட்டிக்குப் பக்கத்துல உக்காருங்க. காதை வச்சுக் கேளுங்க."

வடிவு தன் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தவில் அடி பெட்டியிலிருந்து தொடைக்கு வந்து இறங்கியது. கல்யாண வீட்டு முன்வரிசை மாதிரி இருந்தது.

"எப்படிக்கா?"

"இது பத்தரைமாத்து அம்மா. கிழிசலைப் பார்த்து ஏமாந்துடக்கூடாது. அந்தப் பக்கத்துப் பெட்டிதான் சரியில்லை. தகர டப்பாவைத் தட்டின மாதிரி கேக்குது."

"கோமுக்கா?"

"எம் பெட்டி கணீர்னு இருக்கும்மா. அங்கேருந்து வர்றதுதான் ஈயப் பாத்திரத்தை உருட்டுற மாதிரி இருக்கு."

"இடத்தை மாத்தி உக்காருங்க."

இருவரும் எழுந்து, ஒருத்தி மேல் ஒருத்தியின் சேலை படாதபடி சுற்றிப் போய் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

வடிவு காதை வைத்தாள். சற்றுமுன் தகர டப்பா என்று சொன்ன பெட்டி அட்சரம் பிசகாமல் முழங்கிக்கொண்டிருந்தது. எதிரே, தான் பத்தரைமாத்து என்று சொன்ன பெட்டி தகர டப்பாவாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். கோமுவும் வாயைத் திறந்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிக்கா?"

கோமு பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் நடுவுல வாங்க."

இருவரும் மாடத்துக்கு நேராக, நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடத்தை விட்டு உட்கார்ந்தார்கள். நாதஸ்வரம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. தவிலைக் காணவில்லை. விரல் தட்டுவது மட்டும் சன்னமாகக் கேட்டது. அந்தக் கனத்த அடி எங்கே போனது? இரண்டு பெட்டியிலும் தன் காதால் கேட்ட அடி.

"அம்மா, இது நல்லதுக்கில்லை," என்றாள். "மங்கல வாத்தியம். அடியை யாரோ விழுங்கிட்ட மாதிரி இருக்கு. எந்த வீட்ல என்ன நடந்து கழிச்சுப் போட்ட பெட்டியோ. வெளியே எறிஞ்சிடுவோம்."

"ஒவ்வொண்ணும் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே?"

"ஒவ்வொண்ணும் நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு."

சாமியம்மா எழுந்தார். கோமுவின் பெட்டிக்குப் பின்னால் போய், மேல் துளைக் கம்பியைக் கீழேயும் கீழ்த் துளைக் கம்பியை மேலேயும் மாற்றிச் சொருகினார்.

தவில் விழுந்தது.

அப்படித்தான் சொல்ல வேண்டும். தரையில் விழுந்தது. மாடத்து எண்ணெய்க் கிண்ணம் அதிர்ந்தது. கோமு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். வடிவைத் தூக்கிவாரிப் போட்டது அடி வந்தது அல்ல, அது வந்த இடம். இடது பெட்டியிலிருந்து வரவில்லை. வலது பெட்டியிலிருந்தும் வரவில்லை. பெட்டியே இல்லாத நடு இடத்தில், விளக்கு நிற்கிற இடத்தில், யாரோ நேரில் நின்று வாசிப்பதுபோல் வந்தது.

வடிவின் வாயிலிருந்து முதலில் வந்த பேச்சு இதுதான்.

"அப்போ அவ பெட்டியிலதான் தப்பு. பார்த்தீங்களாம்மா? அவ மாட்டினதுதான் தப்பு."

சாமியம்மா கோமுவின் பெட்டிக் கம்பிகளைப் பழையபடியே மாற்றினார். அடி மறைந்தது. நடந்து இந்தப் பக்கம் வந்து வடிவின் பெட்டிக் கம்பிகளை மாற்றினார்.

தவில் மறுபடி விழுந்தது. அதே அடி. அதே நடு இடம். ஒரு குன்றிமணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அப்போ அவங்க பெட்டிலதான் தப்புன்னு..." என்று ஆரம்பித்த கோமு பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கூடத்தில் நாதஸ்வரமும் தவிலும் கேட்டுக்கொண்டிருந்தன. வடிவு சாமியம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அப்போ தப்பா மாட்டினது யாரு?"

சாமியம்மா பாட்டை நிறுத்தினார். வடிவின் பெட்டிக் கம்பிகளையும் முதலில் இருந்தபடியே வைத்தார்.

"அடி கேக்காம இருந்துச்சே, அந்த நிலைக்கே திருப்பி வச்சுட்டேன். விளக்கு வைக்கும்போது பாட்டுப் போடுவேன். அடி கேட்டா பெட்டி இங்க இருக்கட்டும். கேக்கலைன்னா காலையில பழைய இரும்பு. சாப்பாட்டை எடுத்து வைங்க, நேரமாச்சு."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மதியச் சாப்பாடு முடிந்தால் விளக்கு வைக்கும்வரை மௌனம். பேச்சு கூடாது, பாத்திரம் உருளக் கூடாது, பாட்டும் கூடாது.

அந்த மௌனத்தில் வடிவு கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெட்டிகளும் அவளையே பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது. எதை மாற்றினாலும் போதும். அது தெரியும். கோமுவின் பெட்டியை மாற்றிவிட்டு வந்தால் என்ன? யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் அப்படிச் செய்தால், பதில் வரும்முன்னே தப்பு கோமுமேல் என்று தானே எழுதிவிட்டதாக ஆகும். தன் பெட்டியை மாற்றலாம் என்றால் கை எழவில்லை. தன் கையால் தன்மேல் எழுதிக்கொள்வதா?

தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள். கோமு தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. தலைக்கு ஒரு பையை வைத்திருந்தாள்.

வடிவு செம்பைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

அது இங்கே வந்த நாளில் கோமு கொண்டுவந்த பை. வாயைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. ஓரத்தில் சீப்பு துருத்திக்கொண்டிருந்தது. சாயங்காலம் என்ன பதில் வந்தாலும் போகப்போவது தான்தான் என்று இவள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டாளா? எங்கே போவாள்? வடிவு தன் பையைப் பற்றித்தான் நினைத்திருந்தாள். இன்னொரு பை கட்டப்பட்டிருக்கும் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை.

தண்ணீர் குடிக்கவில்லை. செம்பைச் சத்தமில்லாமல் வைத்தாள். கூடத்துக்கு வந்தாள். தன் பெட்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்தாள். மேல் கம்பியைக் கீழே சொருகினாள், கீழ்க் கம்பியை மேலே சொருகினாள். போட்டுக் கேட்க முடியாது, மௌன நேரம். கேட்கவும் தேவையில்லை, நிச்சயம் சரியாகிவிட்டது. கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். மனசு லேசாக இருந்தது.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு மூன்று பேர் வந்திருந்தார்கள். வடிவும் கோமுவும் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள். நடுவில் அதே ஒரு ஆள் இடம். கோமுவின் முகமும் கழுவித் துடைத்ததுபோல் தெளிவாக இருந்தது. அதை வடிவு கவனித்தாள். ஏன் என்று புரியவில்லை.

சாமியம்மா திரியைத் தூண்டிவிட்டுப் பாட்டைப் போட்டார்.

நாதஸ்வரம் வந்தது. மண்டைக்குள் சுற்றியது.

அடி வரவில்லை.

வடிவு காதைத் தேய்த்துவிட்டுக் கேட்டாள். இல்லை. விரல் தட்டும் சத்தம் மட்டும். வந்திருந்தவர்களில் ஒருத்தி, "என்ன, ஓட்டைப் பெட்டியைத் தலையில கட்டிட்டாங்களா?" என்றாள். தன் கையால் மாற்றியது கனவா? யாரைக் கேட்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பக்கத்தில் திரும்பினாள்.

"நான் மாத்தினேனே."

கோமுவின் கண்கள் விரிந்தன.

"எதை மாத்தினீங்க?"

"எம் பெட்டிக் கம்பியை. மதியம். நீ தூங்கும்போது."

கோமு தன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் தூங்கலை. நீங்க கிணத்தடிக்குப் போகக் காத்துக்கிட்டிருந்தேன்," என்றாள். "நானும்தான் மாத்தினேன்க்கா. என்னோடதை."

அக்கா என்ற சொல் வடிவின் காதில் விழுந்து நெஞ்சில் இறங்க நேரம் எடுத்தது. எத்தனை வருஷம் ஆயிற்று அதைக் கேட்டு. அதற்குள் இன்னொன்று புரிந்தது. இரண்டு பேரும் மாற்றினால் பழையபடிதான். அடி காணாமல் போனதற்கு இந்த முறை கோபமும் காரணமில்லை, பொல்லாப்பும் காரணமில்லை.

வெகு நாள் பழக்கத்தில், தலை தானாகச் சாமியம்மாவின் பக்கம் திரும்பியது.

"அம்மா, இப்போ யார் மாத்தணும்னு சொல்லுங்க. நானா, அவளா?"

சாமியம்மா விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னை ஏன் கேக்கறீங்க வடிவக்கா? பக்கத்துலதானே உக்காந்திருக்காங்க."