நத்தைகுத்தி நாரையும் நற்பிறப்பு என்ற சொல்லும்

ஏரி நடுவே இருந்த கடம்ப மரத்தில் வெள்ளாயி என்ற நத்தைகுத்தி நாரை மூன்று முட்டைகளை அடைகாத்து வந்தது.

அந்த வருஷம் பல தேசம் சுற்றிய கூழைக்கடா ஒன்று அங்கே வந்து பறவைகளைக் கூட்டியது.

"நற்பிறப்பு என்று ஒரு சொல் உருவாக்கியிருக்கிறேன். நல்லது, பிறப்பு, இரண்டும் பழைய சொற்கள். சேர்த்தது நான். நல்ல பிறப்பு உள்ளவர்கள் மட்டும் குஞ்சு பொரித்தால் நம் ஏரியே மேன்மை அடையும்."

கேட்க இனிமையாக இருந்தது. எல்லாப் பறவைகளும் தலையாட்டின. வெள்ளாயியும் ஆட்டியது.

மறுநாள் கூழைக்கடா கூடு கூடாகப் பார்த்துக்கொண்டே வெள்ளாயியிடம் வந்தது.

"உன் அலகு நடுவில் மூடவில்லையே. இது ஊனப் பிறப்பு. முட்டைகளைத் தண்ணீரில் தள்ளிவிடு."

"அவை இன்னும் பிறக்கவே இல்லையே, ஐயா," என்றது வெள்ளாயி.

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. பார்க்க என்ன இருக்கிறது?"

வெள்ளாயி முட்டைகளின் மேல் இன்னும் அழுந்தி உட்கார்ந்தது. "பொரியட்டும். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்."

பக்கத்துக் கிளையில் இருந்த கரண்டிவாயன் என்ற பறவை கரண்டி போன்ற தன் தட்டை அலகை மெல்லத் தடவிக்கொண்டது. "அது சொல்வது நியாயம்தானே," என்றது.

கூழைக்கடா வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தது.

சில நாளில் குஞ்சுகள் பொரிந்தன. மூன்றுக்கும் அலகு இடைவெளியே இல்லாமல் நேராக மூடியிருந்தது!

"அடடா, இவை நற்பிறப்பு. இருக்கட்டும்," என்றது கூழைக்கடா.

வெள்ளாயி அத்தோடு வாயை மூடியிருக்கலாம். அதன் பிள்ளைகள் பிழைத்துவிட்டன. ஆனால் அடுத்த மரத்தில் அதன் தங்கையும் முட்டையிட்டிருந்தது. அதனால் வெள்ளாயி பேசியது.

"நானும் இப்படித்தான் பிறந்தேன், ஐயா. வளர வளரத்தான் எங்கள் அலகில் இந்த இடைவெளி விழும். அதைக் கொண்டுதான் நத்தை பிடித்துச் சாப்பிடுகிறோம். இவர்களுக்கும் விழும். அப்போது இவர்களுடைய நற்பிறப்பு கெட்டுப்போகுமா?"

கூழைக்கடா குனிந்து குஞ்சுகளின் அலகை மறுபடி பார்த்தது.

"நல்ல அலகு என்று எதை வைத்துப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டது கரண்டிவாயன்.

"என் அலகை வைத்துத்தான்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டது கூழைக்கடா.

பறவைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு ஒவ்வொன்றாகத் தங்கள் கூட்டுக்குத் திரும்பி அடைகாக்க உட்கார்ந்தன. எந்த முட்டையும் தண்ணீரில் விழவில்லை.

அடுத்த மாதம் கூழைக்கடாவின் கூட்டிலும் ஒரு குஞ்சு பொரிந்தது. உடம்பில் ஒரு இறகுகூட இல்லை. கூழைக்கடா வெட்கத்தோடு சிறகால் குஞ்சை மறைத்தது. வெள்ளாயி எட்டிப் பார்த்து, "நல்ல பிறப்பு, ஐயா. நன்றாக இருக்கட்டும்," என்றது.

தன்னையே அளவுகோலாக வைத்துப் பிறர் பிறப்பை நல்லது, கெட்டது என்று பிரிக்க யாருக்கும் உரிமை இல்லை. பிறந்த உயிர் எல்லாம் நற்பிறப்பே.