முதல் கவளம்

ஊரே வெறுத்த ராஜா ஒருத்தர் இருந்தார். ஒருநாள் இலை முன்னால் உட்கார்ந்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"வரி போட்டதற்கு நாடே என்னைத் திட்டுகிறது. ஆனாலும் நான் பின்வாங்கவில்லை. அப்படியென்றால் நான் தைரியசாலிதானே?"

மந்திரிகள் தலையாட்டினார்கள். விஷம் இருக்கிறதா என்று தினமும் ராஜாவின் சோற்றை முதலில் தின்று பார்க்கும் செங்கோடன் மட்டும் தலையாட்டவில்லை.

"நீ சொல்லுடா. பொய் சொன்னால் தலை இருக்காது."

"இப்பவே தெரிஞ்சுடும், மகாராஜா. இன்னைக்கு முதல் கவளம் நீங்க எடுங்க."

ராஜா சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். குழம்பு ஆறிப்போனது. மந்திரிகள் கூரையைப் பார்த்தார்கள்.

கடைசியில் செங்கோடனே இலையின் ஓரத்திலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றான்.

"பயப்படாம சாப்பிடுங்க, மகாராஜா. உப்புதான் கொஞ்சம் கம்மி."