ஓய்வு பெறும்வரை கல்

கரும்பூர் புள்ளிவிவர அலுவலக ஊழியர்களுக்கு நிர்வாகம் இழைத்த அநியாயங்களை வரிசைப்படிதான் சொல்ல வேண்டும். வரிசை தவறினால் சங்கச் செயலாளர் கோமதிநாயகம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார்.

முதல் அநியாயம்: “ஞாயிற்றுக்கிழமை தலையைக் காட்டிவிட்டுப் போ” என்றார்கள். அவரும் மெனக்கெட்டு வந்து, ஜன்னலில் தலையைக் காட்டிவிட்டுப் போனார். வரவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

இரண்டாம் அநியாயம்: “கோப்பை நகர்த்து” என்று உத்தரவு. டீக்கோப்பையை நான்கு அங்குலம் நகர்த்தினார். விளக்கம் கேட்டார்கள். “எத்தனை அங்குலம் என்று உத்தரவில் இல்லை” என்று பதில் எழுதினார்.

மூன்றாம் அநியாயம் சுற்றறிக்கையாக வந்தது. “அறிவுப் பணியாளனே! உற்பத்தித்திறன் பெருக, கவனத்தைக் கலைப்பவற்றை வெளியே வை. தினமும் கல். ஓய்வு பெறும்வரை கல். மாதக் கடைசியில் ஆய்வு. யாருக்குக் குறைவோ அவர் பெயர் சாட்சிகள் முன்னிலையில் வாசிக்கப்படும். வாசிக்கப்பட்டவர் அன்றே வேலைநீக்கம்.”

கோமதிநாயகத்துக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். முப்பத்தைந்து வருடம் கொடி பிடித்தவர். தன் பெயரை எதிரி வாயால் வாசிக்க விடுவாரா? பொதுக்குழுவைக் கூட்டினார். பொருளாளர் இசக்கியப்பன் வந்தார், உறுப்பினர் மங்களேஸ்வரி வந்தாள். அதோடு சங்கம் முழுக்க வந்தாயிற்று.

“தினமும் எத்தனை கல்லுன்னு போடலையே அண்ணாச்சி?” என்றார் இசக்கியப்பன்.

“மேலிடத்துக்கு எழுதத் தெரியும். தூக்கத் தெரியுமா?” என்றார் செயலாளர்.

மங்களேஸ்வரி தயங்கினாள். “எனக்கு ஒரு சந்தேகம். கல்லுன்னா, படின்னுதானே அர்த்தம்?”

“படியா? பஞ்சப்படியா? அதை எவன் தரப்போறான்!” என்று சீறினார் இசக்கியப்பன்.

செயலாளர் கண்ணை மூடி யோசித்தார். “தோழர் சொல்வது சரி. கல் இருந்தால்தான் படி கட்டலாம். படி இருந்தால்தான் மேலே போகலாம். குமாஸ்தாவைக் கொத்தனாராக்கும் சதி இது! இருந்தாலும் சுமப்போம். எதிர்ப்பைத் தெரிவித்துக்கொண்டே சுமப்போம்.”

கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு சுமந்தார்கள். கவனத்தைக் கலைப்பவற்றையும் வெளியே வைத்தார்கள். முதலில் தொலைபேசி. அடுத்து, மனுவோடு வந்த ஜனங்கள். அப்புறம், கீங் கீங் என்று கத்திக்கொண்டிருந்த கணினிகள். அறை காலியானதும் கல்லுக்கு நல்ல இடம் கிடைத்தது.

பத்தாம் நாள் மேசை முறிந்தது. இருபதாம் நாள் இசக்கியப்பனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. “அளவுக்கு மீறிப் படிச்சா இப்படித்தான்” என்று மங்களேஸ்வரி தைலப் புட்டியை நீட்டினாள். கல்லை அடுக்கிக் கட்டிய ஏழாவது படியில் தலை கூரையில் இடித்தது. அதற்குமேல் முன்னேற வழியில்லை.

மாதக் கடைசியில் எண்ணினால், செயலாளருக்குத்தான் குறைவு. மற்றவர்கள் இரண்டு கையாலும் சுமந்தார்கள். அவருக்கு ஒரு கையில் கொடி.

தெருமுனையில் ஆய்வு அதிகாரி எஸ்தர் ஞானமணியின் ஜீப் சத்தம் கேட்டது. கோமதிநாயகம் சுற்றுமுற்றும் பார்த்தார். வாசல் சுவரில் பதித்திருந்த பெரிய கல் கண்ணில் பட்டது. கடப்பாரையால் நெம்பினார். கல் வந்தது; கூடவே முகப்பில் பாதியும் வந்தது. உருட்டிக்கொண்டுபோய்த் தன் கல்லோடு சேர்த்தார்.

அதிகாரி இடிபாட்டைத் தாண்டி உள்ளே வந்தார். “என்னய்யா இதெல்லாம்?”

“கல், அம்மா.”

“படிக்கச் சொன்னா...”

“படி அந்தப் பக்கம். ஏழு. எண்ணிக்கொள்ளுங்கள்.”

அதிகாரி குனிந்தார். எதிரே கிடந்த பெரிய கல்லின் தூசியைத் துடைத்து, அதில் இருந்ததை மெல்ல வாசித்தார். “அடிக்கல் நாட்டியவர், ராவ்பகதூர் தாண்டவமூர்த்தி, 1936.”

“வாசிச்சுட்டாங்க!” என்று கத்தினாள் மங்களேஸ்வரி. “பேரை வாசிச்சுட்டாங்க! நாங்க ரெண்டு பேரும் சாட்சி!”

கோமதிநாயகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேலை தப்பியது. ஆனால் மறுகணமே அவர் ரத்தம் கொதித்தது.

“வெயிலிலும் மழையிலும் வாசலிலேயே நின்றவர்! ஒரு நாள் விடுப்பு எடுத்திருப்பாரா? இடத்தைவிட்டு இம்மி நகர்ந்திருப்பாரா?”

“நகர்த்தினது நீங்கதானே அண்ணாச்சி?”

“குறுக்கே பேசாதீர்!”

கொடியோடு ஏழாவது படியில் ஏறி, தலை கூரையில் இடிக்க நின்றார். இடிந்த முகப்பு வழியாக, ஒரு மாதமாக வெளியே காத்திருந்த ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“பொதுமக்களே, நீங்களே சாட்சி! இது நான்காம் அநியாயம்! ஒரு விளக்கம்கூடக் கேட்காமல் வேலைநீக்கம் செய்யப்பட்ட நம் சங்கத் தோழரின் பெயரை வாசிக்கிறேன்: தோழர் ராவ்பகதூர் தாண்டவமூர்த்தி!”