வெண்டைக்காய்க்கு எத்தனை இமைப்பு?

கடைசியில் கேட்கப்போவது இரண்டு கேள்வி. அவற்றுக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது. எதையும் தவறவிடாமல் கேட்டால் போதும்.

அம்பாசமுத்திரத்தில் சிவசைலம் என்று ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் இருந்தார். நிலத்தை அளக்கும்போது ஒரு சாண் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து சங்கிலி பிடிக்கச் சொல்வார். காகிதத்தில் ஓர் எண் தப்பாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் ஒரே ஒரு தப்பை மட்டும் முப்பத்தெட்டு வருஷம் திருத்தாமல் வைத்திருந்தார். அது வெண்டைக்காய்.

அவருக்கு வெண்டைக்காய் ஆகாது. அந்தக் கொழகொழப்பு நாக்கில் பட்டாலே உடம்பு கூசும். பிடிக்காததை முதலிலேயே விழுங்கித் தொலைத்துவிட்டு மற்றதை நிம்மதியாகச் சாப்பிடுவது சின்ன வயதுப் பழக்கம். மறுவீட்டு விருந்திலும் அதைத்தான் செய்தார். இலையில் அந்த இடம் மட்டும் காலியாவதைப் பார்த்த புதுப்பெண் ஆவுடையம்மாள் இன்னொரு கரண்டி வைத்தாள். அதையும் விழுங்கினார்.

"அவுகளுக்கு வெண்டைக்காய்னா உசுரு" என்று அவள் அடுப்படியில் பெருமையாகச் சொன்னது கூடத்துக்குக் கேட்டது. மாமனார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படி மறுப்பது?

பிறகு மறுக்க ஒரு நல்ல நாள் வாய்க்கவே இல்லை. வாரத்துக்கு மூன்று தடவை வெண்டைக்காய். ஆவுடையம்மாள் காயை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்து, புளி விட்டுப் பச்சடி வைப்பாள். வதக்கி மோர்க்குழம்பில் போடுவாள். வகிர்ந்து மசாலா அடைத்துப் பொரிப்பாள். மழைக்காலத்துக்கு வற்றலும் உண்டு. வற்றல் மட்டும் பரவாயில்லை.

போன ஆவணியில் சிவசைலத்துக்கு மூளையில் ரத்தம் அடைத்தது. கை, கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போய்விட்டன. ஊட்டினால் மெல்ல விழுங்குவார். காது கேட்டது, புத்தி தெளிவாக இருந்தது. அது தெளிவாக இருப்பதை வெளியே சொல்லத்தான் வழியில்லை. அசைந்தது இமை மட்டும்.

மகன் நெல்லையப்பன் ஓசூரில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் கட்டில் பேசி வைத்துவிட்டு வந்திருந்தான்.

"உனக்கே முழங்கால் வலி. நீ எப்படிம்மா இவரைப் புரட்டிப் படுக்க வைப்பே?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நம்ம வீட்டை விட்டு அவுக இருக்க மாட்டாக. கேட்டுப் பாரு."

"யாரைக் கேக்கச் சொல்லுதே? அவருக்கு நாம பேசுறது வெளங்குதான்னே தெரியலை."

ஆஸ்பத்திரி டாக்டரம்மா கட்டிலருகில் வந்து நின்று ஒரு வழி சொன்னார். "குடும்பத்துக்கு விடை தெரிஞ்ச அஞ்சு கேள்வி எழுதிக் கொடுங்க. ஒரு தடவை இமைச்சா ஆமா, ரெண்டு தடவை இமைச்சா இல்லை. அஞ்சுல நாலு சரியா வந்தா அவருக்குப் புரியுதுன்னு அர்த்தம். எங்க இருக்கணும்னு அவர்கிட்டயே கேப்போம். வரலைன்னா மகன் முடிவு பண்ணட்டும்."

சிவசைலத்துக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வீடா ஓசூரா என்பது ஐந்து கேள்வியில் இருந்தது.

நெல்லையப்பன் நாலு கேள்வி எழுதினான். அதில் ஒன்று ஆதார் அட்டையைப் பார்த்து எழுதியது. ஐந்தாவதை ஆவுடையம்மாள் டாக்டரம்மாவின் காதோடு சொன்னாள். "எந்த மயக்கத்துலயும் அவுக மாத்திச் சொல்லாத ஒண்ணு."

மறுநாள் காலை பரீட்சை. பேர் சிவசைலமா? ஒரு இமைப்பு. இரண்டு பிள்ளைகளா? இரண்டு இமைப்பு, ஒரே பிள்ளைதான். இரண்டும் சரி.

"பிறந்த நாள் ஜூன் ஒண்ணு, சரியா?"

அது பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமையாசிரியர் போட்ட தேதி. அவர் பிறந்தது ஐப்பசி அடைமழையில். அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். தப்பான எண்ணைப் பார்த்ததும் சர்வேயருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு தடவை இமைத்தார்.

டாக்டரம்மா தாளில் பெருக்கல் குறி போட்டார். "பாத்தியாம்மா" என்றான் நெல்லையப்பன்.

சர்வேயர் வேலை பார்த்தீர்களா என்பது நாலாவது கேள்வி. அது சரியாக வந்தது. மூன்று சரி, ஒன்று தப்பு. ஆவுடையம்மாள் நகர்ந்து வந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு.

"இதுல தப்பே வராது டாக்டரம்மா. கேளுங்க."

"உங்களுக்கு வெண்டைக்காய் பிடிக்குமா?"

சிவசைலம் கண்ணை மூடவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. இரண்டு தடவை இமைத்தால் உண்மை. ஆனால் புத்தி கலங்கியவர் என்று எழுதி ஓசூருக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு தடவை இமைத்தால் பொய். ஆனால் புத்தி உள்ளவர். விழித்தபடியே இருந்ததில் கண்ணில் நீர் கட்டியது.

சொல்லுங்கள். அவர் எத்தனை தடவை இமைத்திருக்க வேண்டும்? அவர் செய்த தவறு எந்தக் கேள்வியில்?

*விடை:* ஒரு தடவை. அப்படித்தான் இமைத்தார். அந்தத் தாள் அளந்தது அவர் தன்னைப் பற்றி அறிந்ததை அல்ல, மற்றவர்கள் அவரைப் பற்றி அறிந்ததை. தவறு மூன்றாவது கேள்வியில். ஐந்தில் ஒன்று தப்பலாம் என்றிருந்த சலுகையை, யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு தேதிக்குச் செலவழித்துவிட்டார். ஜூன் ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தால் வெண்டைக்காயைப் பற்றி உண்மை சொல்லியும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஐந்தாவது என்னவென்று மூன்றாவதில் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அதற்கு விடை இல்லை. வீட்டிலேயே இருக்கிறீர்களா என்று கேட்டார்கள், ஒரு தடவை இமைத்தார், நம்பினார்கள். வெண்டைக்காயைப் பற்றி அதன்பின் யாரும் கேட்கவில்லை. தெரிந்ததை யார் கேட்பார்கள்? வீடு வந்த அன்று மதியம் ஆவுடையம்மாள் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் கரண்டி வெண்டைக்காய்ப் பச்சடி. அவர் எப்போதும் அதைத்தானே முதலில் சாப்பிடுவார்.