ஆள் வராத இலை

முன்னொரு காலத்தில், தும்முவதற்குக்கூடப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்கிற ராஜா ஒரு நாட்டை ஆண்டுவந்தார். அவருடைய விகடகவி சேந்தன் கருவூலத்தில் கடன் வாங்கி ஒரு வீடு கட்டினான். பத்திரம் கருவூலத்தில் இருந்தது. அதில் ஒரு நிபந்தனை: கடன் தீரும்வரை வாங்கியவனே அங்கே குடியிருக்க வேண்டும்; தவறினால் வீடு கருவூலத்துக்குப் போய்விடும்.

புதுவீட்டில் காய்ச்சிய பால் ஆறுவதற்குள் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது.

"சேந்தா, இனி நீ அரண்மனையிலேயே தங்கு. நான் கூப்பிடும்போது நீ இருக்க வேண்டும்."

சேந்தன் தங்கினான். சபையில் முந்நூறு பேரைச் சிரிக்கவைத்துவிட்டுத் தன் அறைக்குப் போவான். மடப்பள்ளியிலிருந்து வந்த தட்டைச் சுவரைப் பார்த்தபடி காலி செய்வான். சுவர் எதற்கும் சிரிக்காது. சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் கிடையாது.

பூட்டிக் கிடக்கும் வீட்டை நினைத்தால் அவனுக்கு என்னவோ போல் இருந்தது. கயிறு திரிக்கும் மாசானத்துக்கும் அவன் மனைவி பேச்சிக்கும் அதை வாடகைக்கு விட்டான். வாடகை அப்படியே கடனுக்குப் போனது. அதற்கு மேல் ஒன்றே ஒன்று கேட்டான்.

"தினமும் பொழுது சாயும்போது எனக்கும் ஓர் இலை போட்டு, வாசலில் நின்று கூப்பிட வேண்டும்."

"நீங்க வருவீங்களாண்ணே?"

"வர முடியாது."

பேச்சி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். விகடகவி ஆயிற்றே என்று சிரித்தும் வைத்தாள்.

ஒரு வருஷம் கழித்து விஷயம் கருவூலத் தலைவர் பெருந்தேவரின் காதுக்கு எட்டியது. சேந்தன் சொன்ன எதற்கும் அதுவரை சிரிக்காதவர், அன்று சிரித்தார்.

"மன்னர் பெருமானே, சேந்தன் தன் வீட்டில் குடியிருக்கவில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறான். அந்த வீட்டைக் கருவூலம் எடுத்துக்கொள்ள ஆணையிட வேண்டும்."

"உண்மையா, சேந்தா?"

"வாடகைக்கு விட்டது உண்மை, அரசே. குடியிருக்கவில்லை என்பது பொய். ஒருவன் எந்த வீட்டான் என்று நம் நாட்டில் எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? பெருந்தேவரே சொல்லட்டும்."

பெருந்தேவர் முகம் மலர்ந்தது. அது அவரே போட்ட சட்டம்.

"தலைக்கு இவ்வளவு என்ற ஆள்வரிக்குப் பயந்து, எண்ணப் போகும்போது ஜனங்கள் பாதிப் பேரைக் கொல்லைப்பக்கமாக ஓடவிட்டார்கள், அரசே. அதனால் ஆட்களை எண்ணுவதை நிறுத்தினேன். சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போய் இலைகளை எண்ணுகிறோம். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், யாருக்கு எங்கே இலை விழுகிறதோ அவன் அந்த வீட்டான்."

"அப்படியானால் இன்று மாலை போய் எண்ணலாம்," என்றான் சேந்தன்.

சொல்லிவிட்டானே தவிர, வழியெல்லாம் அவனுக்குச் சந்தேகம்தான். ஒரு வருஷமாக ஆள் வராத இலை. இன்னுமா போடுவார்கள்? வீடு போவதுகூட ஒருபுறம் இருக்கட்டும். தன்னை யாரும் எங்கேயும் கூப்பிடவில்லை என்பது தெரிந்துபோகுமே.

ராஜா துண்டால் தலையை மூடிக்கொண்டு வந்தார். மூவரும் எதிர்வீட்டுச் சுவரோரம் மறைந்து நின்றார்கள். பொழுது சாய்ந்தது. கதவு திறந்தது. ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி பேச்சி வெளியே வந்து, வெறும் தெருவைப் பார்த்துச் சலிப்போடு கூப்பிட்டாள்.

"சேந்தண்ணே, சோறு ஆறுது. இன்னிக்காவது நேரத்தோட வாங்க."

அவள் திரும்பிப் போனதும் மூவரும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். உள்ளே மூன்று இலைகள். மூன்றாவதின் பக்கத்தில், ஈ மொய்க்காமல் மூடிவைத்த ஒரு கிண்ணம் குழம்பு.

பெருந்தேவர் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். மூன்றுதான்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு முப்பது சமையல்காரர்கள். ஆறுது, வா என்று ஒருவனும் சொன்னதில்லை," என்றார். "சேந்தா, உன் கடன் இன்றோடு ரத்து. இனிப் பொழுது சாய்ந்தால் நீ வீட்டுக்குப் போ. தும்மல் வந்தால் நானே சமாளித்துக்கொள்கிறேன்."

"வந்துட்டீங்களா? கையைக் கழுவுங்க," என்று குரல் கேட்டு வாசலுக்கு வந்த பேச்சி சேந்தனிடம் சொன்னாள். தலையை மூடியிருந்தவரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "நீங்க சாப்பிட்டாச்சா?"

ராஜா பெருந்தேவரைப் பார்த்தார். "எனக்கு இங்கே இலை விழுந்தால் வரி உண்டா?"

"உண்டு, அரசே."

"கட்டிவிடுகிறேன்," என்று சொல்லிவிட்டு ராஜா கை கழுவப் போனார்.