மருவைச் சுற்றி ஒரு வட்டம்

மூளை பங்கு போட்ட அன்றைக்கு ஒச்சப்பனும் அவன் தம்பிகள் தவசியும் சடையாண்டியும் எங்கே போயிருந்தார்களோ, தெரியாது. இந்த மூன்று அடிமுட்டாள்களும் ஒரே வீட்டில் வந்து பிறந்தது ஊர் செய்த பாவம்.

மூத்தவன் ஒச்சப்பனுக்கு வலது கன்னத்தில் சுண்டைக்காய் பருமனில் ஒரு மரு. அவனுக்குப் பார்த்திருந்த பெண் பேச்சியம்மாள், "மத்ததெல்லாம் சரி. அந்த மருவ எடுத்துட்டு வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க. இல்லாட்டி வரவே வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். முப்பத்தாறு வயதில் அவனுக்கு வாய்த்த ஒரே பெண் அவள்.

வைத்தியர் ஒரு சின்னப் புட்டியில் சேராங்கொட்டை எண்ணெய் கொடுத்தார்.

"துணிக்கு அழியாத குறி போடுற கொட்டை இது. ஊசி முனையால மருவுல மட்டும் தொட்டு வைங்கப்பா. பக்கத்துத் தோல்ல பட்டுச்சோ, புண்ணாகிக் கறை விழுந்துரும். ஜாக்கிரதை!"

வீட்டுக்கு வந்து மூவரும் யோசித்தார்கள். அதாவது, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கை தவறிப் பக்கத்துல பட்டுட்டா?" என்றான் தவசி.

"அதுக்குத்தான் எல்லை போடணும். மருவச் சுத்தி ஒரு வட்டம் போட்டுட்டா, கை அதத் தாண்டாது" என்றான் சடையாண்டி.

"கரிக்கட்டையால போடவா?"

"வேர்த்தா அழிஞ்சிரும்டா. அழியாத மை வேணும்" என்றான் ஒச்சப்பன்.

அழியாத மை வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வைத்தியர் கொடுத்த புட்டியில் இருந்தது.

வட்டம் பிரமாதமாக வந்தது. போட்டு முடித்தபோது புட்டி காலி. மறுநாள் ஒச்சப்பனின் கன்னம் வீங்கி, அப்பளம் அகலத்துக்குக் கறுப்பு வளையம். நடுவில் மரு சௌக்கியமாக இருந்தது.

"அண்ணன் மட்டும் இப்படிப் போனா, என்னான்னு கேப்பாங்களே?" என்று தவசி கவலைப்பட்டான்.

"நாமளும் போட்டுக்குவோம். குடும்ப வழக்கம்னு நெனச்சுக்குவாங்க" என்றான் சடையாண்டி.

இன்னொரு புட்டி வாங்கி வந்து தம்பிகள் இருவரும் ஆளுக்கொரு வட்டம் போட்டுக்கொண்டார்கள். அப்போதாவது மருவில் ஒரு சொட்டு வைக்க எந்த மடையனுக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை, வீங்கிய மூன்று கன்னங்களைக் கண்டு பேச்சியம்மாளின் அப்பா மிரண்டு போனார்.

"இதுல மாப்பிள்ளை யாருப்பா?"

"மரு இருக்கிறவருதான் மாமா! நல்லவேளை எடுக்கல. எடுத்திருந்தா நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றான் சடையாண்டி பெருமையாக.

பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

ஒச்சப்பன் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதான்.

"அழாதண்ணே. அன்னிக்கு மருவ எடு, மருவ எடுன்னு சொன்ன மதினி, இன்னிக்கு மருவப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாங்களா?" என்றான் தவசி.

ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சொல்லல."

"அப்ப மருந்து வேலை செஞ்சிருச்சுல்ல?"

மூவரும் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வைத்தியருக்கு நன்றி சொல்லப் போனார்கள்.