ஊஞ்சலைப் பார்த்த கடிகாரம்

குப்பாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜமீன் லாயத்துக் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுகிறவள் அவள். ஒரு மாதமாக எவ்வளவு சீக்கிரம் வந்தாலும், முற்றத்துச் சூரியக் கடிகாரக் கல்லைக் காட்டி, "தாமதம்" என்று திட்டினார்கள். நடுமத்தியானம் அவள் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். அந்தக் கல்லிலோ பொழுது சாய ஆரம்பித்திருக்கும்.

"நாளைக்கு நிழல் முதல் கோட்டைத் தாண்டறதுக்குள்ள வரோணும். இல்லைன்னா வேலை கிடையாது" என்றார் ஜமீன்தார்.

"வர்றேனுங்க சாமி. நான் வந்ததை நீங்களே கல்லுகிட்ட நின்னு பார்த்துக்கோங்க."

மறுநாள் விடியுமுன்பே குப்பாச்சி கல்லருகே உட்கார்ந்திருந்தாள். ஜமீன்தார் கண்ணைக் கசக்கியபடி கணக்குப்பிள்ளையோடு வந்து நின்றார். சூரியன் எழுந்ததும் நிழல் நேராக ஐந்தாம் கோட்டில் விழுந்தது.

"நான் இங்கயேதானுங்க இருக்கேன். சூரியன்தான் தாமதம். யாரை வேலையை விட்டு நிறுத்தறீங்க?"

ஜமீன்தார் கல்லைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "கல்லுக்கு என்னய்யா கேடு?"

கணக்குப்பிள்ளை மென்று விழுங்கினார். "போன மாசம், ஊஞ்சல்ல உக்காந்தபடியே கல்லுல எண்ணு தெரியோணும்னு எசமான்தான் திருப்பி வைக்கச் சொன்னீங்க." படித்த மனுஷர், ஒரு மாதம் அந்த வாயை எங்கே அடகு வைத்திருந்தாரோ!

"வடக்கைப் பார்த்த கல்லை உங்களைப் பார்க்க வெச்சீங்க. அப்புறம் அது சூரியன் பேச்சைக் கேக்குமுங்களா?" என்ற குப்பாச்சி, குடத்தை எடுத்துக்கொண்டு லாயத்துக்கு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.